சங்கும் சக்கரமும்: விரல் ரேகையில் இதய நோயைத் தேடிய வரலாறு

தமிழ்ப் பள்ளிகளில் ஓய்வு வேளையின்போது பிள்ளைகள் ஆடும் விளையாட்டுகளுள் ஒன்று, தத்தம் விரல் நுனிகளைப் பார்த்துச் சங்கும் சக்கரமும் எண்ணுவது. கோடுகள் வட்டமாகச் சுழன்றிருந்தால் அது சக்கரம். ஒரு புறமிருந்து புறப்பட்டு, வளைந்து, வந்த புறமே திரும்பினால் அது சங்கு. எத்தனை சக்கரம் இருந்தால் நாடாள்வான், எத்தனை சங்கு இருந்தால் செல்வனாவான் என்பதற்கு ஊருக்கு ஒரு கணக்கு உண்டு. நானும் சிறுவனாய் இருந்தபோது எண்ணியவன்தான். ஆதலின் அவ்விளையாட்டைக் கண்டு நான் ஒருபோதும் கடிந்ததில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் என் அலுவலக வாயிலில் வந்து நின்றான். கையில் நாளிதழிலிருந்து கத்தரித்த ஒரு துண்டு. “ஐயா, விரலில் சக்கரம் இருந்தால் மாரடைப்பு வருமாம். எனக்குப் பத்து விரலிலும் சக்கரம். எனக்கும் அப்பாவைப் போல வந்துவிடுமா?” என்று கேட்டான். நான் அவன் கையைப் பிடித்துப் பார்த்தேன், பத்தும் சக்கரமே. “இதெல்லாம் வெறும் பேச்சு, போய்ப் படி” என்று முதுகில் தட்டி அனுப்பிவிட்டேன். அன்று மாலையே அவ்விடை என் நெஞ்சை உறுத்தத் தொடங்கியது. வெறும் பேச்சு என்று நான் சொன்னேனே, அதை நான் அறிந்து சொன்னேனா? அறியாமல் சொன்ன உறுதிமொழி, அறியாமல் சொன்ன அச்சுறுத்தலைவிட எவ்வகையில் மேலானது? இவ்வினாவே என்னை விரல் ரேகையின் வரலாற்றைத் தேடிப் படிக்க வைத்தது. படித்தறிந்ததை ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பயன்படும் எனக் கருதி ஈண்டு எழுதுகிறேன்.

ஒருவரே கண்ட இரண்டு

விரல் நுனிக் கோடுகளை அறிவியல் முறையில் முதன்முதலாக வகைப்படுத்தியவர் பொகீமிய நாட்டில் 1787ஆம் ஆண்டு பிறந்த யான் பூர்க்கின்யே என்பவர். இவர் பிரெசுலாவு நகரப் பல்கலைக்கழகத்தில் உடலியங்கியல் பேராசிரியராக விளங்கினார். 1823ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் ஆய்வுரையில் விரல் நுனிக் கோடுகள் 9 வகை அமைப்புகளுள் அடங்கும் என்று விளக்கினார். இக்கோடுகளைக் கொண்டு ஆளை அடையாளங் காணலாம் என்றோ, எதிர்காலத்தைக் கணிக்கலாம் என்றோ அவர் எழுதவில்லை. தோலின் அமைப்பை உள்ளது உள்ளவாறு எழுதியதே அவர் செய்த பணி.

அதே பூர்க்கின்யே 1839ஆம் ஆண்டில் இதயத்தின் உட்சுவரில் ஒருவகை நுண்ணிழைகளைக் கண்டறிந்தார். இதயத்தின் கீழறைகள் ஒருங்கே சுருங்குவதற்கு வேண்டும் மின் தூண்டலைப் பரப்புபவை அவ்விழைகளே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. இன்றும் மருத்துவ நூல்கள் அவற்றைப் பூர்க்கின்யே இழைகள் என்றே குறிக்கின்றன. ஆக, விரலின் கோட்டையும் இதயத்தின் இழையையும் கண்டு எழுதிய கை ஒன்றே. ஆயினும் இவ்விரண்டிற்கும் தொடர்புண்டு என அவர் கூறவில்லை. அத்தொடர்பைத் தேடும் முயற்சி தொடங்க ஏறத்தாழ நூறாண்டுகள் கழிய வேண்டியிருந்தது.

வங்கத்துக் கைந்நாட்டு

இடைப்பட்ட காலத்தில் விரல் ரேகை வேறொரு பணிக்கு அழைக்கப்பட்டது. 1858ஆம் ஆண்டு சூலைத் திங்களில், வங்காளத்தின் சங்கிப்பூர் என்னும் இடத்தில் ஆட்சியலுவலராய் இருந்த வில்லியம் எர்செல், சாலைப் பணிக்குப் பொருள் வழங்க ஒப்புக்கொண்ட இராச்சியதர் கோனாய் என்பவரிடம் ஒப்பந்தத்தின் பின்புறத்தில் உள்ளங்கையை மையிட்டுப் பதிக்கச் சொன்னார். பின்னாளில் அவர் ஒப்பந்தத்தை மறுத்துவிடக் கூடாது என்பதே நோக்கம். பின்னர் எர்செல், காலம் சென்றாலும் ரேகை மாறாதிருப்பதைப் பல்லாண்டுகள் பதிவெடுத்துக் கண்டறிந்தார். சப்பான் நாட்டுத் தோக்கியோவில் மருத்துவத் தொண்டாற்றிய இசுக்காட்லாந்து மருத்துவர் என்றி பால்ட்சு, பழங்கால மட்பாண்டங்களில் பதிந்திருந்த விரல் தடங்களைக் கண்டு ஆய்வு தொடங்கி, 1880ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ இதழில் குற்றவாளிகளைக் கண்டறிய ரேகை உதவும் என எழுதினார்.

பதிவுகள் பெருகியபோது அவற்றை வகுத்து அடுக்கும் முறை ஒன்று தேவைப்பட்டது. வங்காளக் காவல்துறைத் தலைவர் எட்வர்டு என்றியின் பெயரால் வழங்கும் அம்முறையை உருவாக்கியதில் பெரும்பங்கு அவர்கீழ்ப் பணியாற்றிய அசிசுல் அக், ஏமச்சந்திர போசு ஆகிய இருவருக்கும் உரியது. அதன் அடிப்படை, நம் பிள்ளைகள் எண்ணும் அதே சக்கரக் கணக்குதான். ஒவ்வொரு விரலிலும் சக்கரம் உண்டா, இல்லையா என்பது ஒரு வினா. பத்து விரலுக்கும் இரண்டிரண்டு விடைகள் என்றால், 2ஐப் பத்து முறை பெருக்கக் கிடைப்பது 1,024. உலகத்தார் அனைவரின் ரேகைத் தாள்களும் 1,024 அறைகளுள் அடங்கிவிட்டன. 1897ஆம் ஆண்டில் கல்கத்தாவில் விரல் ரேகை அலுவலகம் தோன்றியது. 1901ஆம் ஆண்டில் இலண்டன் காவல்துறையும் அம்முறையை ஏற்றது.

நம் மலாயாவிலும் ரேகை இவ்வழியே வந்தது. எழுத்தறியாத நம் முன்னோர் தோட்டத்துச் சம்பளப் பட்டியலில் பெருவிரலைப் பதித்தனர். ‘கைநாட்டு’ என்னும் சொல் கல்லாமையின் பெயராகவே ஆகிவிட்டது. 1948ஆம் ஆண்டு அவசரகாலத்தில் வழங்கப்பட்ட அடையாள அட்டையில் படித்தவரும் படிக்காதவரும் ஒன்றுபோல் பெருவிரல் பதித்தனர். 2001ஆம் ஆண்டில் அறிமுகமான மைகாட் அட்டையின் சில்லுக்குள்ளும் அந்த ரேகையே இருக்கிறது. ‘நீ யார்?’ என்னும் வினாவிற்கு ரேகை உண்மையான விடை தருகிறது. ஆனால் மனிதன் அத்தோடு நிறைவடையவில்லை. ‘நீ எத்தகையவன்?’, ‘உனக்கு என்ன நேரும்?’ என்ற வினாக்களையும் அதனிடமே கேட்டான்.

கால்டன் அடைந்த ஏமாற்றம்

அவ்வாறு கேட்டவர்களுள் முதன்மையானவர் பிரான்சிசு கால்டன். ரேகைகளை வில், சங்கு, சுழி என்னும் மூன்று பெரும் பிரிவுகளாக இன்று வழங்கும் வகையில் நிலைநாட்டியவர் அவரே. நாம் சக்கரம் என்பதையே இனிச் சுழி என்போம். கோடுகள் திரும்பாமல் மேடுபோல் எழுந்து மறுபுறம் செல்வது வில். ஒருவர் ரேகை மற்றொருவர் ரேகையோடு முற்றும் ஒத்திருக்க 6,400 கோடியில் ஒரு வாய்ப்பே உண்டு என்று அவர் கணித்தார். 1892ஆம் ஆண்டில் அவருடைய நூல் வெளிவந்தது.

கால்டனுக்கு மற்றொரு நோக்கமும் இருந்தது. மனிதரின் மதிநுட்பமும் பண்பும் பிறப்பிலேயே அமைந்தவை என்றும், உயர்ந்தோரைப் பெருக்கித் தாழ்ந்தோரைக் குறைத்து மனித இனத்தைத் திருத்தலாம் என்றும் நம்பியவர் அவர். அக்கொள்கை இருபதாம் நூற்றாண்டில் விளைத்த கொடுமைகளை உலகம் அறியும். அவர் இனத்தையும் அறிவையும் ரேகையில் காண முயன்றார். பல இனத்தாரின் ரேகைகளையும், கல்வியாளர், உழைப்பாளர், மூளை வளர்ச்சி குன்றியோர் ஆகியோரின் ரேகைகளையும் ஒப்பிட்டார். அவர் தேடிய வேறுபாடு கிடைக்கவில்லை. ஒன்று சொல்ல வேண்டும்: தம் எதிர்பார்ப்பு பொய்த்ததை அவர் மறைக்காமல் எழுதினார். கொள்கையில் பிழைத்தவரேனும், கண்டதை எழுதுவதில் அவர் நேர்மையாளர்.

இதனை நாம் இன்றும் நினைவிற் கொள்ள வேண்டும். ஏனெனில், பத்து விரல்களின் பதிவைக் கொண்டு பிள்ளையின் அறிவுத் திறனையும் ஏற்ற தொழிலையும் கூறுவதாகச் சொல்லும் சோதனைகள் இந்தியாவிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பெற்றோரிடம் விற்கப்பட்டு வந்துள்ளன. அவற்றிற்கு அறிவியற் சான்று இல்லை. நூறாண்டிற்கு முன்னரே கால்டன் விரும்பித் தேடியும் காணாத ஒன்றை, வண்ணத் தாளில் அச்சிட்டுப் பணத்திற்குத் தருகின்றனர் என்பதே உண்மை.

கருவறையில் எழுதப்படும் கோடுகள்

ரேகை பண்பைக் காட்டாது என்றால், அது உடலைப் பற்றியும் ஒன்றும் சொல்லாதா? இதற்கு விடை காண, ரேகை எவ்வாறு தோன்றுகிறது என்பதை அறிய வேண்டும்.

கரு உருவாகி ஆறேழு வாரங்களானபோது விரல் நுனிகளில் சிறு மெத்தைகள் போன்ற புடைப்புகள் எழுகின்றன. பத்து அல்லது பதினோராம் வாரமளவில் அவை தணியத் தொடங்குகின்றன. அவ்வேளையிலேயே தோலின் அடியில் கோடுகள் எழத் தொடங்குகின்றன. ஏறத்தாழப் பதினேழாம் வாரத்திற்குள் வடிவம் முடிவாகிவிடும். மெத்தை உயர்ந்து உருண்டிருக்கும்போது கோடுகள் தோன்றினால் பெரும்பாலும் சுழி அமையும். தாழ்ந்து தட்டையானபின் தோன்றினால் வில். ஒரு புறம் சரிந்திருந்தால் சங்கு. அதன்பின் பிள்ளை பிறந்து, வளர்ந்து, முதிர்ந்தாலும் அவ்வடிவம் மாறுவதில்லை.

இதில் மரபின் பங்கு பெரிது. பத்து விரல்களின் கோட்டெண்ணிக்கை பெற்றோரிடமிருந்து பெரிதும் வழிவழியாக வருவது. 2022ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு ஒன்று, 23,000க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து, ரேகை வடிவோடு தொடர்புடைய 43 இடங்களை மரபணுத் தொகுதியில் கண்டது. அவற்றுள் பல, தோலை அமைக்கும் மரபணுக்களல்ல. கைகால்களை உருவாக்கும் மரபணுக்கள் என்பது வியப்பு. ஆயினும் மரபு மட்டும் போதாது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரின் ரேகைகளும் ஒத்திருக்குமேயன்றி ஒன்றாக இரா. கருப்பைக்குள் நிலவும் சூழலும் அக்கோடுகளில் தன் பங்கை எழுதுகிறது.

ஆகவே விரல் ரேகை, வரப்போவதை எழுதிய ஓலையன்று. கருவறையில் குறிப்பிட்ட சில வாரங்களில் நடந்ததை எழுதிய பழங்கல்வெட்டு. மருத்துவர்கள் இதனைப் படிக்க முயன்றது அந்த நோக்கிலேதான்.

மருத்துவர் கையில் ரேகை

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்சு நகரில் தூலேன் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் கற்பித்த ஆரல்டு கம்மின்சு, 1926ஆம் ஆண்டில் இத்துறைக்குத் தோலெழுத்து எனப் பொருள்படும் கிரேக்கப் பெயரை வழங்கினார். 1936ஆம் ஆண்டில் அவர், இன்று டவுன் நோய்த்தொகை எனப்படும் நிலையுடன் பிறந்த பிள்ளைகளின் கைகளில் தனித்த அமைப்புகள் காணப்படுவதை எடுத்துக்காட்டினார். விரல்களில் சங்குகள் மிகுதி. உள்ளங்கையில் மணிக்கட்டுக்கு அருகே இருக்க வேண்டிய மூவழிச் சந்தி, அதாவது மூன்று திசைக் கோடுகள் கூடும் இடம், மேலேறி நடுவில் இருந்தது. அந்நிலைக்கு 21ஆம் குரோமோசோம் ஒன்று மிகுந்திருப்பதே காரணம் என்பது 1959ஆம் ஆண்டில்தான் அறியப்பட்டது. அதற்கு முன்னரே, 1957ஆம் ஆண்டில், கனடா நாட்டு நார்மா போர்டு வாக்கர் கைரேகைகளைக் கொண்டு அந்நிலையை அறியும் ஓர் அளவையை வகுத்திருந்தார்.

இங்கேதான் விரலும் இதயமும் முதலில் சந்திக்கின்றன. டவுன் நோய்த்தொகையுடன் பிறக்கும் பிள்ளைகளுள் ஏறத்தாழப் பாதிப் பேர்க்கு இதயத்தில் பிறவிக் குறை உண்டு. கையின் அமைப்பைக் கண்டு ஐயுற்ற மருத்துவர், பிள்ளையின் மார்பில் கருவியை வைத்து இதய ஒலியைக் கூர்ந்து கேட்டார். ரேகை இதயத்தைக் கெடுக்கவில்லை. இரண்டிற்கும் காரணம் ஒன்றே.

தாய்க்கு வரும் உருபெல்லா அம்மை மற்றொரு சான்று. கருவுற்ற தொடக்கத்தில் அந்நோய் தாக்கினால் பிள்ளைக்குக் கண், காது, இதயம் ஆகியவற்றில் குறை நேரும். கண்ணில் புரை நேர்வதை ஆத்திரேலிய மருத்துவர் நார்மன் கிரெக் 1941ஆம் ஆண்டில் உலகுக்கு உணர்த்தினார். அவ்வாறு பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் ரேகையும் இயல்பினின்று மாறியிருப்பதை 1966ஆம் ஆண்டு ஆய்வொன்று எடுத்துக் கூறிற்று.

1961ஆம் ஆண்டில் நியூ ஆர்லியன்சு மருத்துவர்கள் ஓரடி மேற்சென்றனர். பிறவி இதயக் குறை உடையவர்களையும், பிறந்தபின் இதய நோய் அடைந்தவர்களையும் ஒப்பிட்டபோது, முன்னவரிடையே உள்ளங்கையின் மூவழிச் சந்தி மேலேறியிருப்பது மிகுதி எனக் கண்டனர். ஆனால் பின்வந்த ஆய்வுகள் எல்லாம் இதனை ஒன்றுபோல் உறுதிப்படுத்தவில்லை. இதயத்தின் நான்கு அறைகளும் எட்டாம் வாரமளவில் அமைந்துவிடுகின்றன. கோடுகள் அதன்பின்னரே எழுகின்றன. இரண்டையும் தாக்கக்கூடிய பொதுக் காரணம் இருந்தாலன்றி, ஒன்றைக் கண்டு மற்றொன்றை அறிதல் அரிது.

பதிவேடுகள் சொன்ன செய்தி

இதுவரை சொன்னவை பிறவிக் குறைகள். என் மாணவனின் தந்தையைக் கொண்டு சென்றதோ மாரடைப்பு; நடுவயதில் இதயத்தின் குருதிக் குழாய் அடைபட்டு நேர்வது. அதற்கும் கருவறைக்கும் என்ன தொடர்பு?

இவ்வினாவை எழுப்பியவர் இங்கிலாந்து மருத்துவர் டேவிட் பார்க்கர். அவருக்குத் துணை நின்றவை பழைய பதிவேடுகள். எர்ட்போர்டுசயர் மாவட்டத்தில் 1911ஆம் ஆண்டு முதல், எத்தல் மார்கரெட் பர்ன்சைடு என்னும் செவிலியர் தலைவியின் ஏற்பாட்டால், பிறந்த ஒவ்வொரு குழந்தையின் எடையும், ஓராண்டு நிறைந்தபோது இருந்த எடையும் மருத்துவச்சியராலும் செவிலியராலும் ஏட்டில் எழுதி வைக்கப்பட்டன. எவரும் புரட்டாமல் கிடந்த அவ்வேடுகளைக் கொண்டு, பார்க்கர் குழுவினர் 1911 முதல் 1930 வரை பிறந்த 5,654 ஆடவரின் பிற்கால வாழ்வைத் தேடினர். 1989ஆம் ஆண்டில் வெளிவந்த முடிவு வியப்பளித்தது: பிறப்பிலும் ஓராண்டிலும் எடை குறைந்திருந்தோரிடையே இதய நோயால் இறந்தோர் மிகுதி. தினந்தோறும் வருகைப் பதிவேட்டை எழுதிச் சலித்துப்போகும் ஆசிரியர்க்கு, பொறுமையாய் எழுதிய ஒரு பதிவேடு எழுபதாண்டு கழித்தும் உயிர் பெறும் என்பது ஆறுதலான செய்தி.

நம் முன்னோர் புறப்பட்ட தென்னிந்தியாவிலும் இத்தகைய ஆய்வு நடந்தது. மைசூரில் ஒரு மருத்துவமனையில் 1934 முதல் 1954 வரை பிறந்த 517 பேரை ஆராய்ந்து 1996ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பிறப்பு எடை இரண்டரைக் கிலோவும் அதற்குக் குறைவுமாய் இருந்தோருள் 100க்கு 11 பேரிடம் இதயக் குருதிக்குழாய் நோய் காணப்பட்டது, 3.1 கிலோவிற்கு மேலிருந்தோரிடையே அது 100க்கு 3 என்ற அளவாய் இருந்தது. கருவுற்ற தாய் போதிய உணவின்றி வாடினால், அவ்வாட்டம் பிள்ளையின் முதுமைவரை தொடரக்கூடும் என்பதே இதன் பொருள்.

சுழியும் குருதி அழுத்தமும்

எடை என்பது பிறக்கும்போது எடுக்கும் அளவு. கருவின் தொடக்க வாரங்களில் நடந்ததை அறிய வேறு சான்று வேண்டாவா? அங்கே விரல் ரேகை மீண்டும் நினைவிற்கு வந்தது. பார்க்கரும் அவர் குழுவினரும், பிரெசுட்டன் நகர மருத்துவமனை ஒன்றில் பிறந்து ஐம்பது வயதை ஒட்டியிருந்த, நூற்றுக்குச் சற்று மேற்பட்டோரின் ரேகைகளைப் பதிந்து, குருதி அழுத்தத்தையும் அளந்தனர். 1993ஆம் ஆண்டில் வெளியிட்ட அவ்வாய்வின்படி, ஒரு விரலிலேனும் சுழி உடையோரின் சராசரி அழுத்தம், சுழி இல்லாதோரைவிட உயர்ந்திருந்தது. உள்ளங்கை குறுகலாய் இருந்தோரிடமும் அவ்வாறே. கருவில் விரல் மெத்தை உப்பியிருந்ததற்கும், பிற்காலத்தில் அழுத்தம் உயர்வதற்கும் கருவளர்ச்சியில் நேர்ந்த தடையே பொதுக் காரணமாகலாம் என்பது அவர்கள் கருத்து.

2009ஆம் ஆண்டில், 1944-45 குளிர்காலத்தில் ஆலந்து நாட்டில் நேர்ந்த பெரும் பஞ்சத்தையொட்டிப் பிறந்தவர்களைக் கொண்டு மற்றோர் ஆய்வு வெளிவந்தது. பெருவிரலின் கோட்டெண்ணிக்கைக்கும் சிறுவிரலின் எண்ணிக்கைக்கும் இடையே வேறுபாடு மிகுந்தோரிடையே நடுவயதில் நீரிழிவு மிகுந்திருந்தது எனக் கூறிற்று. மாரடைப்பு நோயாளிகளின் ரேகையை நேரே ஆராய்ந்தோரும் பல நாடுகளில் உளர். சிலர் சுழி மிகுதி என்றனர். சிலர் வேறுபாடு இல்லை என்றனர். என் மாணவன் கையிலிருந்த நாளிதழ்த் துண்டு இத்தகைய ஆய்வொன்றின் நிழல்தான். ஆதலின் ‘வெறும் பேச்சு’ என்று நான் சொன்னது பிழை. ‘சக்கரம் இருந்தால் மாரடைப்பு வரும்’ என்று அவன் படித்ததும் பிழை. இரண்டிற்கும் நடுவே உள்ளது உண்மை.

கணக்கில் கவனிக்க வேண்டியவை

அந்த உண்மையைக் காண மூன்று செய்திகளை மனத்திற் கொள்ள வேண்டும். இவற்றை மேல்வகுப்பு மாணவர்க்குக் கணிதப் பாடமாகவே நடத்தலாம்.

முதலாவது, சுழி அரிய பொருளன்று. மனிதரின் விரல்களையெல்லாம் சேர்த்து எண்ணினால் 100இல் 60 முதல் 65 வரை சங்கு, 30 முதல் 35 வரை சுழி, ஏறத்தாழ 5 வில் என்பது பொதுக் கணக்கு. கிழக்காசிய மக்களிடையே சுழி இன்னும் மிகுதி. நம்மைப் போன்ற பல்லின நாட்டில், நோயாளிகளை ஓரினத்தாரிடமிருந்தும் நலமுடையோரை மற்றோரினத்தாரிடமிருந்தும் எடுத்து ஒப்பிட்டால், இனத்தின் வேறுபாடு நோயின் வேறுபாடுபோல் தோன்றிவிடும்.

இரண்டாவது, ஒப்பிடும் பொருள்கள் பல. பத்து விரல்கள், இரண்டு உள்ளங்கைகள், மூவகை வடிவங்கள், கோட்டெண்ணிக்கைகள், கோணங்கள் எனப் பலவற்றை அளந்து ஒவ்வொன்றையும் ஒப்பிட்டால், உண்மையில் தொடர்பே இல்லாவிடினும் தற்செயலாக ஏதேனும் ஒன்று பொருந்தக்கூடும். 20இல் ஒன்று தற்செயலாய் நேரலாம் என்னும் எல்லையை வைத்துக்கொண்டு 20 ஒப்பீடுகள் செய்தால், ஒன்று அகப்படுவதில் வியப்பில்லை. சிறு ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றோடொன்று முரண்படுவதற்கு இதுவும் காரணம்.

மூன்றாவது, சராசரி வேறு, தனியாள் வேறு. ஒரு வகுப்பின் சராசரி மதிப்பெண் 62, அடுத்த வகுப்பின் சராசரி 58 என்று கொள்வோம். இரண்டாம் வகுப்பில் அமர்ந்திருக்கும் ஒரு மாணவி முதல் வகுப்பினர் அனைவரையும் விஞ்சியவளாய் இருக்கலாம். வகுப்பின் பெயரைக் கேட்டு அவள் மதிப்பெண்ணைச் சொல்ல முனையும் ஆசிரியரை நாம் என்னென்போம்? சுழியைப் பார்த்து ஒருவரின் இதயத்தைச் சொல்ல முனைவதும் அத்தகையதே. அழுத்தத்தை அறிய வேண்டுமானால் கையில் பட்டையைச் சுற்றி அளந்துவிடலாம். இரண்டு நிமிடம் போதும். நேரே அளக்கக்கூடியதை விட்டுச் சுற்றுவழியில் ஊகிப்பது அறிவுடைமையாகாது.

மாற்றக் கூடியவை

மாரடைப்பின் காரணங்களைத் தேடிய வரலாறு ரேகையோடு நின்றுவிடவில்லை. 1948ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிரேமிங்காம் என்னும் ஊரில் 5,209 பேரைத் தேர்ந்தெடுத்து, ஆண்டுகள் பலவாகத் தொடர்ந்து கவனித்தனர். உயர்ந்த குருதி அழுத்தம், கொழுப்பு, புகைத்தல் ஆகியவை இதய நோய்க்கு வழிவகுப்பதை அவ்வூர் மக்களின் வாழ்வே காட்டிற்று. 2004ஆம் ஆண்டில் 52 நாடுகளில் நடந்த பேராய்வொன்று, முதன்முறை மாரடைப்பு அடைந்த ஏறத்தாழ 15,000 பேரையும் அதே அளவினரான பிறரையும் ஒப்பிட்டது. புகைத்தல், குருதிக் கொழுப்பு, உயர் அழுத்தம், நீரிழிவு, வயிற்றுப் பருமன், மன அழுத்தம், காய்கனி உண்ணாமை, உடலுழைப்பின்மை, மதுப் பழக்கத்தின் நிலை ஆகிய ஒன்பதே மாரடைப்பு வாய்ப்பின் பத்தில் ஒன்பது பங்கை விளக்கப் போதுமானவை என்று அது கண்டது. அவ்வாய்வில் தென்னாசியர்க்கு முதல் மாரடைப்பு பிற நாட்டாரைவிட ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் முன்னதாக நேர்ந்தது என்பதும் தெரியவந்தது. நம்மவர் இதனை நெஞ்சில் நிறுத்துதல் வேண்டும்.

அவ்வொன்பதின் பட்டியலை மீண்டும் படியுங்கள். ஒன்றேனும் விரல் நுனியில் எழுதப்பட்டதன்று. பெரும்பாலானவை, நாம் உண்ணும் தட்டிலும் நடக்கும் நடையிலும் எழுதப்படுபவை. அவற்றைத் திருத்தி எழுதவும் நம்மால் இயலும்.

மாணவனுக்கு விடை

அம்மாணவனை நான் மீண்டும் அழைத்தேன். கையைப் பார்க்கவில்லை. அவன் முதல் நாள் சொன்ன சொற்களையே நினைவூட்டினேன். அவன் பத்துச் சக்கரம் என்றான். ‘அப்பாவைப் போல’ என்றும் சொன்னான். நான் முதலாவதை மட்டும் பார்த்து, இரண்டாவதைக் கேளாது விட்டிருந்தேன். தந்தை இளம் வயதில் மாரடைப்பால் இறந்தார் என்பதே மருத்துவர் முதலிற் கேட்கும் செய்தி. எந்தச் சுழியையும்விடக் கருத்திற் கொள்ளத்தக்கது அதுவே.

“உன் விரலில் இருப்பது, நீ அம்மாவின் வயிற்றில் இருந்தபோது எழுதிய பழைய குறிப்பு. அது தீர்ப்பன்று. ஆனால் அப்பாவுக்கு வந்ததை மறக்கக் கூடாது. அம்மாவையும் அண்ணனையும் கிளினிக்கிற்குப் போய் அழுத்தமும் கொழுப்பும் பார்த்துக்கொள்ளச் சொல். நீ பந்து விளையாடு, சிகரெட்டைத் தொடாதே” என்றேன். அவன் சற்று நேரம் நின்றான். “அப்படியென்றால் சக்கரம் ஒன்றும் செய்யாதா ஐயா?” என்றான். “அது நீ யார் என்று மட்டும் சொல்லும்” என்றேன்.

மறுவாரம் அவன் தாயார் பள்ளிக்கு வந்தார். கிளினிக்கில் மூத்த மகனுக்கு அழுத்தம் உயர்ந்திருப்பதாகச் சொல்லி மருத்துவர் மறுமுறை வரச் சொல்லியிருக்கிறார் என்றார். அம்மூத்த மகனின் விரலில் சங்கா சக்கரமா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் சங்கும் சக்கரமும் எண்ணட்டும், தடுக்க வேண்டா. அவ்வெண்ணிக்கையிலிருந்தே பூர்க்கின்யேயின் கண்ணையும், வங்கத்து அறிஞர் இருவரின் 1,024 அறைகளையும், பர்ன்சைடு அம்மையாரின் பதிவேட்டையும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். எத்தனை சக்கரம் என்று எண்ணிய பிள்ளை, வீட்டில் அப்பாவின் குருதி அழுத்தம் எத்தனை என்று கேட்கும் நாளே நம் பாடம் நிறைவேறிய நாள்.